முதல் அறையில் மீந்த மட்டை

1

"வோ வோன்ஸ்ட் டு?"

ஜேர்மனில், நீ எங்கே வசிக்கிறாய் என்று அர்த்தம். திங்கட்கிழமை காலை, எங்கள் சமையலறை மேசையில் இருந்து கேட்டவள் என் மகள் பவி. அவளுக்குப் பத்து வயது ஆகப்போகிறது. கேட்கப்பட்டவர் அவளுடைய அப்பா, என் கணவர் தனபாலன்.

"கெலிஓயா" என்றார் அவர்.

"ஃபால்ஷ்!"

தவறு என்று கத்திவிட்டு, கையிலிருந்த கேள்வி மட்டையை ஒரு சப்பாத்துப் பெட்டியின் முதல் அறைக்குள் போட்டாள் பவி. பாணுக்கு வெண்ணெய் பூசினாள், பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டாள். அவரும் ஒன்றும் நடக்காததுபோலத் தேநீரை ஊதிக் குடித்தார். எனக்குத்தான் பயம்.

இந்த வாரத்தோடு அவர் ஜேர்மனிக்கு வந்து ஒரு வருடம் நிறைகிறது. இந்த ஒரு வருடத்தில் குப்பையை நாலு நிறத் தொட்டிகளில் பிரித்துப் போடப் பழகிவிட்டார். டிராம் டிக்கெட் இயந்திரத்தோடு சண்டை பிடிப்பதில்லை. மாடிப்படி துடைப்பது யாருடைய முறை என்று கீழ்வீட்டு அம்மாவோடு வாதாடக்கூட ஜேர்மன் வருகிறது. ஆனால் எங்கே வசிக்கிறாய் என்று கேட்டால் மட்டும், இலங்கையில் விட்டுவந்த கெலிஓயா. நேற்றும் கெலிஓயா, போன மாதமும் கெலிஓயா.

கண்டியில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு வராததற்குக் காரணம் என் வேலை. ஞாபகம் மங்கிய முதியவர்களின் வார்டில் நான் தாதி. புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தால் பெயரைக் கேட்போம், அடுத்து இந்தக் கேள்வியைத்தான் கேட்போம். நாற்பது வருடம் வாழ்ந்த வீட்டைச் சொல்லாமல், சின்ன வயதில் விட்டுவந்த ஏதோ ஊரைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நானும் சிரித்துக்கொண்டே தாளில் ஒரு கோடு போடுவேன். அந்தக் கோடு என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும்.

என் கணவருக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. பயத்துக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது.

2

வெளிநாடு போக மொழி படிக்கும் ஊர்ப் பிள்ளைகள் அந்தப் பெட்டியைப் பற்றி என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விபரமாகவே சொல்கிறேன்.

நான் ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தேன். கல்யாணம் கட்டி வந்த இடம் கெலிஓயா, கம்பளை வீதியில் அவர்களுடைய புடவைக் கடை. ஜேர்மனியில் தாதிகளை எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் குண்டசாலையில் ஒரு மாடிவீட்டு வகுப்பில் சேர்ந்தேன். வேலை முடிந்து பஸ் பிடித்து, பிறகு ஓட்டோ பிடித்து ஓடுவேன். சிங்களத்தில் ஜேர்மன் படிப்பித்தார்கள். அதை நான் தமிழில் யோசித்து எழுதிக்கொள்வேன். அவ்வளவு பாடுபட்டும் வகுப்பில் படித்த சொல், திரும்பி வரும் பஸ் பேராதனைப் பாலத்தைத் தாண்டுவதற்குள் போய்விடும்.

அங்கே காட்டித் தந்ததுதான் இந்தப் பெட்டி. ஒரு சப்பாத்துப் பெட்டியை ஐந்து அறையாகத் தடுக்க வேண்டும். புதுச் சொல்லை ஒரு மட்டையில் எழுதி முதல் அறையில் போட வேண்டும். முதல் அறையைத் தினமும் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்னால் மட்டை இரண்டாம் அறைக்குப் போகும், அதை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். மூன்றாம் அறையை வாரத்துக்கு ஒருமுறை. இப்படியே இடைவெளி நீண்டுகொண்டு போய், ஐந்தாம் அறைக்குப் போன மட்டையை மாதக்கணக்கில் தொடத் தேவையில்லை. ஆனால் எந்த அறையில் பிழைவிட்டாலும் மட்டை நேரே முதல் அறைக்குத் திரும்ப வேண்டும். இதில் மட்டும் இரக்கம் காட்டக்கூடாது.

ஒரே பக்கத்தைப் பத்துத் தரம் வாசித்தால் தெரிந்ததுபோல ஒரு மயக்கம்தான் வரும். மறக்கப்போகிற நேரம் பார்த்து ஒரு சொல்லை இழுத்துப் பார்த்தால், அது இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போய் உட்காரும். மட்டையைத் திருப்பும் முன் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். அரைகுறையாகத் தெரிந்தால் தெரியாது என்றுதான் கணக்கு. தனிச் சொல்லை எழுதாமல், அந்தச் சொல் வரும் சின்ன வாக்கியமாக எழுதினால் நல்லது. ஜேர்மனில் கதிரைக்கும் கதவுக்கும்கூட ஆண்பால் பெண்பால் உண்டு, இரண்டிலும் சேராத மூன்றாவது பாலும் உண்டு. அவற்றுக்கு நான் நீலம், சிவப்பு, பச்சை என்று மூன்று பேனை வைத்திருந்தேன்.

மட்டைக்குக் குறைச்சல் இல்லை. புதுச் சேட்டுகளின் மடிப்புக்குள் விறைப்பாக நிற்க வைத்து வரும் மட்டைகளை என் கணவர் சேர்த்துச் சேர்த்துத் தருவார், கடைக் கத்தரிக்கோலால் நானே வெட்டிக்கொள்வேன். என் ஜேர்மன் முழுவதும் சேட் மட்டையில் படித்ததுதான்.

3

நான் முதலில் வந்தேன். பவி பள்ளிக்கூடம் தொடங்கும் வயதில் அவளையும் எடுத்தேன். கணவரும் கூடவே வந்திருக்க வேண்டும். ஆனால் நாங்கள் விண்ணப்பித்த காலத்தில், துணையாக வருகிறவர் ஊரிலேயே அடிப்படை ஜேர்மன் தேர்வில் சித்தியடைய வேண்டும் என்று விதி. படித்து ஆறு மாதத்தில் வந்துவிடுவார் என்று நம்பித்தான் பிள்ளையை அவரிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்தேன். பெட்டியை அவரிடம் விட்டுவந்தேன்.

"அலுமாரிக்கு மேல ஏத்தி வச்சிராதீங்க" என்றேன்.

"கடையிலயே வச்சிருக்கேன், சாந்தி. மேசைக்கு அடியில, கைக்கு எட்டுற மாதிரி" என்றார்.

அவருக்கு இந்தப் பெட்டியில் பெரிய மரியாதை கிடையாது. "எனக்குச் சிங்களம் யாரு மட்டை வச்சுச் சொல்லிக் குடுத்தா?" என்பார். கேட்டதும் நியாயம்தான். வருகிறவர் வாயைப் பார்த்தே மொழி பிடிக்கிற ஆள் அவர். சிங்களத்தில் பேரம் பேசுவார், பக்கத்துக் கடைப் பாரூக் நானாவோடு அவர் பேச்சிலேயே பேசுவார், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருந்து வரும் யாழ்ப்பாணத்து வாடிக்கையாளருக்கு "ஓம், ஓம்" போடுவார். ஆனால் கெலிஓயாவுக்குச் சாரமும் சேலையும் வாங்க எந்த ஜேர்மன்காரன் வரப்போகிறான்?

கடை பூட்டும் நேரம் அவருக்கு மாலை, எனக்கு மதியம் கழிந்த நேரம். தினமும் வீடியோவில் வருவார். முதல் மாதங்களில் பவி ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கதை கதையாகச் சொல்வாள். பிறகு "ம்", பிறகு "யா, குட்". கடைசியில் ஃபோனைக் கட்டிலில் மல்லாக்கப் போட்டுவிட்டு விளையாடப் போய்விடுவாள். அவர் எங்கள் சீலிங் விளக்கைப் பார்த்துக்கொண்டு இருப்பார். நான் ஓடிவந்து எடுத்தால், "பரவால்ல விடு. உங்க வீட்டு லைட் எனக்கு இப்ப நல்லாப் பழக்கம்" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். எனக்கு அழுகை வரும்.

தினமும் வந்த அழைப்பு இரண்டு நாளுக்கு ஒன்றாகி, பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றானது. அப்பாவை அவளுக்குத் தெரியாதா என்ன, எங்கே போய்விடப்போகிறார் என்று நானும் பேசாமல் இருந்தேன்.

தேர்வுக்குக் கொழும்புக்குப் போனார். பெயில். சும்மா பெயில் இல்லை, கிட்டவும் வரவில்லை.

4

"பெட்டியக் காட்டுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"காட்டுங்களேன்."

ஃபோனைப் பெட்டிக்கு மேலே பிடித்தார். முதல் அறை பிதுங்கி வழிந்தது. எனக்குக் கொஞ்சம் ஆறுதல். தெரியாததை எல்லாம் ஒளிக்காமல் முன்னுக்குத்தான் வைத்திருக்கிறார், ஆள் நேர்மையாகத்தான் படிக்கிறார் என்று நினைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டச் சொன்னேன். நன்றி. தண்ணீர். பாண். காலை வணக்கம்.

"இதெல்லாமா தெரியாது?"

"தெரியாமயா? இதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு."

"அப்ப ஏன் முன்னால இருக்கு?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். புடவைக் கடைக்காரன் பெண்சாதி கேட்கிற கேள்வியா இது என்பதுபோல.

"ஓடுற சரக்கு முன்னாலதானே இருக்கணும்? ஜனவரி மாசம் ஸ்கூல் தொறக்கிற நேரம் வெள்ள யூனிஃபோர்ம் துணிய யாராச்சும் உள்ளுக்குக் கொண்டு போய் வைப்பாங்களா?"

"சரி, பின்னால என்ன இருக்கு?"

"அது ஓடாத சரக்கு. ஒண்ணும் வாயில நிக்க மாட்டேங்குது. மாசத்துக்கு ஒருக்கா எடுத்துத் தூசி தட்டி வைப்பேன்."

எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. மாதக்கணக்காக இந்த மனுசன் தெரிந்த சொல்லைத் தினமும் தெரிந்துகொண்டும், தெரியாததை ஐந்தாம் அறையில் பத்திரமாகப் புதைத்தும் வந்திருக்கிறார். ஊரில் ஒழுங்காகக் கடை நடத்துகிற எவரும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டேன். "புதுசா ஒரு ஆள் கடைக்கு வந்து, துணியப் புரட்டிப் பாத்துட்டு வாங்காமப் போறாங்க. அடுத்த நாள் ரோட்டுல கண்டா விட்டுருவீங்களா?"

"எப்படி விடுறது? கூப்பிட்டு விசாரிக்கணும். இல்லாட்டி அடுத்த கடைக்குப் போயிருவாங்க."

"வருசக்கணக்கா வர்றவங்கள?"

"அவங்க எப்படியும் தீவாளிக்கு வந்துருவாங்க. தெனமும் போய்க் கூப்பிட்டாத் தொந்தரவுதான்."

"அதுதாங்க இந்தப் பெட்டி."

அவர் நெற்றியில் தட்டிக்கொண்டார். பிறகு, "அடச்சீ, இத மொதல்லயே கடைப் பாஷையில சொல்லியிருக்கலாம்ல?" என்றார். பிழை யாருடையது என்ற வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் தீரவில்லை.

ஃபோனை வைத்த பிறகு அவர் சொன்ன தீபாவளி வாடிக்கையாளர் என் மனதை விட்டுப் போகவில்லை. பவிக்கும் அப்பா அப்படித்தான் ஆகிக்கொண்டிருந்தார். எப்படியும் இருப்பார் என்று பின்னுக்குத் தள்ளிவைத்த ஆள். நான் பயந்துபோனேன்.

5

அவரைத் தனியாக விட்டால் சரிவராது, தினமும் கூப்பிட்டுக் கேள்வி கேட்க ஆள் வேண்டும். எனக்கோ விடிகாலை வேலை. பவியைக் கேட்டேன். முடியாது என்றாள். டீச்சர் மாதிரி "ஃபால்ஷ்" என்று கத்தலாம் என்று சொன்னதும் கொஞ்சம் யோசித்தாள்.

"அப்பாவுக்குக் கத்தலாமா?"

"கத்தலாம்."

"சத்தமா?"

"சத்தமா."

இங்கேயும் ஒரு சப்பாத்துப் பெட்டியைத் தடுத்தோம். மட்டையின் ஒரு பக்கம் ஜேர்மன், மறுபக்கம் அவளே கீறிய படம். அவளுக்குத் தமிழ் எழுதத் தெரியாததால் படம். அதுவே நல்லதாகப் போயிற்று, சொல்லைத் தமிழில் மாற்றிப் பார்க்காமல் பொருளையே பார்த்துச் சொல்ல அவர் பழகினார். காலை உணவு நேரம் பால் பெட்டியில் ஃபோனைச் சாய்த்து வைத்துக்கொண்டு தொடங்குவாள். கெலிஓயாவில் அப்போது கடை திறந்து, யாவாரம் சூடு பிடிக்கும் நேரம். சேலைக்குக் காத்து நிற்கும் பெண்கள் முன்னால், அரை றாத்தல் இறைச்சி தாருங்கள் என்று இவர் ஜேர்மனில் சொல்வார். பவி இங்கிருந்து கத்துவாள். கொஞ்ச நாளில் பாரூக் நானாவும் தன் கடையில் இருந்தபடியே, "பால்ஷ் தம்பி, பால்ஷ்! அந்தப் புள்ள சொல்றது வெளங்கல்லயா ஒங்களுக்கு?" என்று கத்தப் பழகிவிட்டார்.

ஒருநாள் வேலை பிந்தித் தொடங்கியதால் நானும் வீட்டில் இருந்தேன். பவி கத்தரிக்கோல் படத்தைக் காட்டினாள். அவர் சரியாகச் சொன்னார். மட்டையை இரண்டாம் அறைக்கு மாற்றிவிட்டு, "அப்பா, இதுக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்டாள். யாரும் கேட்கச் சொல்லவில்லை. அவர் கடைக் கத்தரிக்கோலைத் தூக்கி அதன் வாயைத் திறந்து மூடிக் காட்டி, "கத்தரிக்கோல்" என்றார். "கத்தரிக்கோல்" என்றாள் அவள். நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

இரண்டாம் முறை தேர்வில் சித்தியடைந்தார். வாய்மொழித் தேர்வில் எங்கே வசிக்கிறீர்கள் என்று கேட்டபோது, "இஹ் வோன இன் கெலிஓயா" என்று கடை வாசலில் நின்று கூவுவதுபோலச் சொன்னாராம். அதன்பிறகு தாள்களோடு மாரடித்தோம். எங்கள் ஆட்களுக்கு வழமையாக வரும் வில்லங்கம்தான், அவருடைய அப்பாவின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் கடவுச்சீட்டில் இன்னொரு விதமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க ஓடிய ஓட்டத்தை எழுதினால் அது தனிப் புத்தகம். கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு ஒருவழியாக வந்து சேர்ந்தார்.

வந்த மறுநாள் பவி பழைய மட்டைகளோடு, இந்த ஊரில் வாழத் தேவையான புது மட்டைகளையும் பெட்டியில் போட்டாள். எங்கே வசிக்கிறாய் என்ற கேள்வி மட்டைக்கு எங்கள் கட்டடத்தைக் கீறினாள். ஒரு நிபந்தனையும் போட்டாள்.

"மொத அறை காலியானா பெட்டி முடிஞ்சுது. சரியா, அப்பா?"

"சரி" என்றார்.

6

மட்டைகள் ஒவ்வொன்றாகப் பின்னுக்குப் போயின. இங்கே போகிற மொழி வகுப்பின் சொற்களுக்கு அவர் ஃபோனில் ஒரு செயலி வைத்துக்கொண்டார், எதை எப்போது கேட்பது என்று அதுவே பார்த்துக்கொள்ளும். சமையலறைப் பெட்டியின் முதல் அறையில் மீந்தது அந்த ஒரு மட்டைதான். எங்கள் கட்டடம் கீறிய மட்டை.

மாதங்கள் போகப் போக என் பயம் முற்றியது. அவர் சாவியைத் தேடினால் இது எத்தனையாவது தரம் என்று எண்ணுவேன். தேநீருக்குச் சீனி போட மறந்தால் அவர் முகத்தையே பார்ப்பேன். ஒருவேளை ஞாபகத்தில் குறையில்லை, மனதுதான் இந்த ஊரில் ஒட்டவில்லையோ என்றும் யோசிப்பேன். அப்படியானால் ஒருநாள் திரும்பிப் போகிறேன் என்பார், பவிக்கு மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை அப்பாதான். இரண்டில் எது மேல் என்றுகூட என்னால் முடிவுசெய்ய முடியவில்லை. வார்டில் செய்வதுபோல அவரை உட்கார வைத்துச் சோதிக்கவும் துணிவு வரவில்லை.

வியாழக்கிழமை வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போனோம். டிராமில் போகும் வழியெல்லாம் விலாசத்தை அவருக்குச் சொல்லிக்கொண்டே போனேன். "சரி, சரி" என்றார். உள்ளே கூப்பிட்டார்கள். இளம் அதிகாரி, கணினியில் இருந்து கண்ணை எடுக்காமல் பெயரையும் பிறந்த திகதியையும் கேட்டான். அடுத்தது அந்தக் கேள்வி. நான் முந்திக்கொண்டு வாயைத் திறந்தேன். "உங்களைக் கேட்கவில்லை, அம்மா" என்றான்.

என் கணவர் தெருவின் பெயரைச் சொன்னார். அந்தத் தெருப் பெயர் எனக்கே நாக்கைப் பிரட்டும். வீட்டு இலக்கம், தபால் குறியீடு, ஊர், கேட்காமலேயே மூன்றாம் மாடி, இடப்பக்கக் கதவு. ஒரு இடத்திலும் தடக்கவில்லை.

டிராம் தரிப்பிடத்தில் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்களுக்கு வெலாசம் தெரியுதே!"

"தெரியாமயா தெனமும் வேலைக்குப் போயிட்டு வீடு வந்து சேர்றேன்?"

"அப்ப காலைல? ஒரு வருசமா கெலிஓயா, கெலிஓயான்னு என் உயிர எடுக்கிறீங்களே? என்னமோ ஏதோன்னு நான் படுற பாடு உங்களுக்குத் தெரியுமா?"

நான் கத்தியேவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என் கையில் இருந்த தாள்களை வாங்கி ஒழுங்காக அடுக்கினார், கடையில் துணி மடிப்பதுபோல.

"அத ஒருக்காச் சரியாச் சொல்லிட்டா மட்ட பின்னால போயிரும், சாந்தி. மொத அறை காலி. அப்புறம் எதுக்கு அவ காலைல என் முன்னால வந்து உக்காரப் போறா?"

டிராம் வந்து நின்றது.

"ஓடுற சரக்க முன்னாலதான் வைக்கணும்" என்று சொல்லிக்கொண்டே ஏறினார்.

7

ஒரு பயம் போன இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. பவி கெட்டிக்காரி. என்றாவது ஒருநாள் அப்பாவின் கள்ளத்தைக் கண்டுபிடிப்பாள். "அப்பா, நீங்க ஏமாத்துறீங்க" என்று பெட்டியை மூடி, பழைய தாள் போடும் நீலத் தொட்டியில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவாள். அவளுக்கு நீச்சல் வகுப்பு இருக்கிறது, சிநேகிதிகள் இருக்கிறார்கள், வாசலில் காத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் இந்த மேசையில் யாரைப் பார்த்துக்கொண்டு தேநீர் குடிப்பார்?

இன்று காலை, பாத்திரம் கழுவுகிற சாட்டில் சமையலறையை விட்டு நகராமல் நின்றேன். அவர் தேநீரோடு வந்து உட்கார்ந்தார். பவி வந்தாள், ஒரு கையால் பாணை எடுத்துக்கொண்டு மறுகையால் பெட்டியை இழுத்தாள்.

"வோ வோன்ஸ்ட் டு?"

அவர் கோப்பையைக் கீழே வைத்து, சீலிங்கைப் பார்த்து, கஷ்டப்பட்டு யோசிப்பதுபோல முகத்தைச் சுருக்கினார். நான் அவரைப் பார்க்கவில்லை, பவியின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் வாயைத் திறக்கும் முன்பே அவள் மட்டையை முதல் அறைக்குள் போட்டிருந்தாள்.